நெல் வயலில் மருந்தடிக்காமல் இருக்க வேண்டிய நேரம் எது? கேள்வி பதில்

சம்பாப் பயிர் தூர் கட்டும் (அடியிலிருந்து பக்கத் தண்டுகள் வெடிக்கும்) நேரம் இது. பூச்சி, நோய் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பெரும்பாலானவை "எந்த மருந்து அடிக்கலாம்?" என்றுதான் இருந்தன. காவிரி டெல்டாவில் பூச்சிக் கண்காணிப்பு வேலையில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் அதற்கு முந்தைய கேள்வியையே முதலில் எடுக்கிறேன்: இப்போது அடிக்கத்தான் வேண்டுமா?

கேள்வி (மன்னார்குடி பக்கம்): ஐயா, சிஆர் 1009 நெல் ரகம் நட்டு 24 நாள் ஆகிறது. இலையெல்லாம் வெள்ளை வெள்ளையாகச் சுரண்டியிருக்கிறது. கடையில் மருந்து வாங்கி வந்துவிட்டேன். நாளைக் காலையில் அடிக்கட்டுமா?

பதில்: வேண்டாம் தம்பி. பிரிக்காமல் இருந்தால் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நீங்கள் பார்த்தது இலைச்சுருட்டுப் புழு. இலையை நீளவாக்கில் மடித்து, உள்ளே இருந்துகொண்டு பச்சையைச் சுரண்டும். வரப்பில் நின்று பார்த்தால் வயலே வெளுத்த மாதிரி இருக்கும். அதைப் பார்த்ததும் கை பதறும். ஆனால் இந்த வயதில் பயிர் விடாமல் புது இலை விட்டுக்கொண்டே இருக்கிறது. இப்போது இருக்கும் இலைகளில் பல, கதிர் வரும்போது தானாகவே காய்ந்து போயிருக்கும். நெல்மணிக்குள் பால் ஏற்றுவது கடைசியில் வரும் மேல் இலைகள், அதிலும் முக்கியமாகக் கதிரை ஒட்டிக் கடைசியாக வரும் கண்ணாடி இலை. அந்த இலை இன்னும் பிறக்கவே இல்லை.

தூர் கட்டும் பருவத்தில் நூற்றுக்குப் பத்து இலை சேதமானால் மட்டும் மருந்து பற்றி யோசிக்கலாம் என்பது வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு. பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலையில் நூற்றுக்கு ஐந்து. எண்ணிப் பாருங்கள். வெளுத்த இலை கண்ணில் உறுத்துவதால் இரண்டு மூன்று இலை போனாலும் இருபது போன மாதிரி தோன்றும். கை சும்மா இருக்காவிட்டால், இரண்டு பேர் ஆளுக்கு ஒரு முனை பிடித்து ஒரு கயிற்றைப் பயிர் மேல் இழுத்துச் செல்லுங்கள். புழு தண்ணீரில் விழும்.

கேள்வி: முதல் 40 நாள் பூச்சிமருந்தே வேண்டாம் என்று நீங்கள் அடிக்கடி சொல்கிறீர்கள். இது யார் போட்ட கணக்கு?

பதில்: பிலிப்பைன்சில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் சொன்னது. வியட்நாமின் மேக்கோங் டெல்டாவில் 1994 வாக்கில் அதை விவசாயிகளிடம் கொண்டுபோனார்கள். அங்கே நேரடி விதைப்புதான் அதிகம். அதனால் விதைத்த நாளிலிருந்து 40 நாள். நம் நடவு வயலுக்கு நட்டதிலிருந்து 30 நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பிரச்சாரத்தில் எனக்குப் பிடித்தது, அவர்கள் யாரையும் நம்பச் சொல்லவில்லை. வயலில் ஒரு துண்டை ஒதுக்கி, அதில் மட்டும் அடிக்காமல் விட்டு, அறுவடையில் நீங்களே பாருங்கள் என்றார்கள். பார்த்தவர்கள் குறைத்தார்கள். பருவத்துக்கு மூன்று தடவைக்கு மேல் அடித்துக்கொண்டிருந்தவர்கள் அதில் பாதி அளவுக்கு இறங்கினார்கள். விளைச்சல் இறங்கவில்லை.

கேள்வி (நாகப்பட்டினம் மாவட்டம்): போன வருஷம் புகையானுக்கு மூன்று தடவை அடித்தேன். அடிக்க அடிக்கக் கூடிக்கொண்டே போனது. கடைசியில் வட்டம் வட்டமாகத் தீய்ந்துவிட்டது. பக்கத்து வயலில் ஒரு தடவைகூட அடிக்கவில்லை, அங்கே அவ்வளவு இல்லை. மருந்து போலியா?

பதில்: போலியாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. நல்ல மருந்தே இதைச் செய்யும்.

புகையான் என்பது அடித்தூரில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும் பழுப்புத் தத்துப்பூச்சி. அது தன் முட்டையை இலையுறைக்குள் கீறிச் செருகி வைக்கிறது. நீங்கள் அடிக்கும் மருந்து வெளியே இருக்கும் பூச்சியைக் கொல்லும், உள்ளே இருக்கும் முட்டையைத் தொடாது. ஏழெட்டு நாளில் அந்த முட்டைகள் பொரியும். அடிக்காத வயலில் அந்தக் குஞ்சுகளைத் தின்ன ஆள் இருக்கும். தண்ணீர் மேல் ஓடும் ஓநாய்ச் சிலந்தி ஒன்று நாளைக்கு ஐந்து முதல் பதினைந்து பூச்சி வரை பிடிக்கும். பச்சையாகச் சின்னதாக இருக்கும் மிரிட் நாவாய்ப்பூச்சி, இலையுறைக்குள் இருக்கும் புகையான் முட்டையையே உறிஞ்சும். நீங்கள் அடித்த மருந்தில் முதலில் செத்தது இவைதான். காவலே இல்லாத வயலில் குஞ்சுகள் பொரிந்தன. இறக்கை முளைத்த புகையான் காற்றோடு எங்கிருந்தோ வந்து இறங்கிவிடும். சிலந்தி திரும்பப் பெருக வாரக்கணக்கில் ஆகும். இரண்டாவது தடவை அடித்ததும் இதே கதை இன்னும் மோசமாக நடந்திருக்கும்.

சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் மாதிரி பைரித்ராய்டு மருந்துகளும் குயினால்பாஸும் புகையானை மறுபடி பெருக வைப்பவை. இலைச்சுருட்டுப் புழுவுக்கு என்று கார்த்திகையில் இவற்றை அடித்துவிட்டு, தையில் புகையானோடு போராடுகிற வயல்களை நான் ஏராளமாகப் பார்த்திருக்கிறேன். முன்பு அடித்ததற்கும் பின்னால் வந்ததற்கும் இருக்கும் தொடர்பு நம் கண்ணில் படுவதில்லை, நடுவில் அத்தனை வாரம் ஓடிவிடுகிறது.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. இந்தோனேசியா 1984-இல் அரிசியில் தன்னிறைவு அடைந்தது. பூச்சிமருந்துக்கு அரசாங்கமே மானியம் கொடுத்துக்கொண்டிருந்தது. 1985, 86-இல் ஜாவாவில் புகையான் பெருகி அந்தத் தன்னிறைவே ஆட்டம் கண்டது. 1986 நவம்பரில் அதிபர் சுகார்த்தோ நெல்லுக்கு 57 மருந்துகளை ஒரே ஆணையில் தடை செய்தார். அடுத்த சில ஆண்டுகளில் மானியத்தையும் நிறுத்தினார்கள். மருந்து அடிப்பது பெருமளவு குறைந்தது, நெல் விளைச்சல் ஏறியது. ஒரு நாடே கையைக் கட்டிக்கொண்டு ஜெயித்தது என்றுதான் நான் அதைப் பார்க்கிறேன். கூடவே ஒன்றையும் சொல்ல வேண்டும். அவர்கள் தடையோடு நிற்காமல், 1989-லிருந்து விவசாயிகளை வாரம் ஒருமுறை வயலில் இறக்கிப் பூச்சி எண்ணக் கற்றுக்கொடுத்தார்கள்.

இந்த வருஷம் நீங்கள் செய்ய வேண்டியது: நடும்போது எட்டடிக்கு ஓரடி பட்டம் (நடாத இடைவெளி) விட்டிருந்தால் நல்லது. புகையான் தென்பட்டதும் வயலில் நிற்கும் தண்ணீரை வடியுங்கள், யூரியாவை நிறுத்துங்கள். தூருக்கு, அதாவது ஒரு தண்டுக்கு, ஒரு பூச்சி வரை மருந்து வேண்டாம். குத்துக்கு (ஓரிடத்தில் சேர்ந்து நிற்கும் தூர்களுக்கு) ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம். அதைத் தாண்டினால் அடியுங்கள், ஆனால் புகையானுக்கென்று பரிந்துரைத்த மருந்தை, பயிரின் அடித்தூரில் படும்படி.

கேள்வி (மட்டக்களப்பு): அண்ணா, நாங்கள் விதைப்புத்தான். நெருக்கமாக விதைத்தால் பூச்சி தின்றது போக மிச்சம் கிடைக்கும் என்று அப்பா சொல்லுவார். சரியா?

பதில்: நெருக்கம் கூடினால் அடித்தூரில் வெயிலும் காற்றும் போகாது, ஈரம் தங்கும். புகையானுக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. மேக்கோங் டெல்டாவில் பின்னால் வந்த இயக்கத்தின் பெயரே 'மூன்று குறைப்பு, மூன்று கூட்டல்'. குறைக்கச் சொன்ன மூன்றில் முதலாவது விதை. மற்றவை உரமும் மருந்தும். அப்பாவோடு வாதாட வேண்டாம். ஒரு வரவையில் (வயல் துண்டில்) மட்டும் விதையைக் குறைத்துப் போட்டு அவரையே பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எண்ணு எண்ணு என்கிறீர்கள். எப்படி எண்ணுவது? ஒரு ஏக்கரையும் எண்ண முடியுமா? (கேட்பவர் தனியாக வயல் பார்க்கும் ஒரு பெண்.)

பதில்: முழுவதும் வேண்டாம் அம்மா. வாரம் ஒருமுறை, காலை வெயில் ஏறுவதற்குள் இறங்குங்கள். வரப்போரத்தை விட்டுவிட்டு, வயலில் குறுக்காக ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு நடங்கள். போகிற வழியில் பத்துக் குத்து. ஒவ்வொன்றிலும் பயிரை லேசாகச் சாய்த்து, அடித்தூரைத் தட்டி, தண்ணீரில் விழுவதைப் பாருங்கள். புகையான் எத்தனை, சிலந்தி எத்தனை, குருத்துப்பூச்சி தின்று காய்ந்த நடுக்குருத்து எத்தனை, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

ஒரு தடவை எழுதிய எண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். அடுத்த தடவை எண்ணியதில் பூச்சி கூடியிருக்கிறதா, சிலந்தி கூடியிருக்கிறதா என்று பாருங்கள். பூச்சி அளவுக்குக் கீழே இருந்து சிலந்தியும் சேர்ந்து ஏறுகிறது என்றால் வயல் தன்னைத்தானே பார்த்துக்கொள்கிறது. பூச்சி மட்டும் மளமளவென்று ஏறினால் இரண்டு நாளில் மறுபடி இறங்குங்கள்.

தண்ணீர் மேல் கொசு மாதிரி பறக்கும் சின்னப் பூச்சிகளைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அவை பயிரைத் தொடாதவை. மக்கும் தழையில் வளர்பவை. புகையான் வருவதற்கு முன்னால் சிலந்திக்கு அதுதான் சாப்பாடு. நட்ட புதிதில் மருந்தடித்தால் அந்தச் சாப்பாட்டையும் சேர்த்து அழிக்கிறோம். தொழு உரமும் பசுந்தழையும் போட்ட வயலில் இவை அதிகம் இருக்கும், அதனால் சிலந்தியும் முன்னாடியே குடியேறும்.

கேள்வி: கதிர் வந்துவிட்டது. அங்கங்கே வெள்ளைக் கதிர் நிற்கிறது. உடனே என்ன அடிப்பது?

பதில்: எதுவும் அடிக்காதீர்கள். குருத்துப்பூச்சியின் புழு தண்டுக்குள் வேலையை முடித்த பிறகுதான் கதிர் வெளுத்து நிற்கும். அந்தக் கதிரை எந்த மருந்தாலும் நெல்லாக்க முடியாது. அடுத்த நடவில் நாற்றின் நுனியைக் கிள்ளிவிட்டு நடுங்கள், அங்கேதான் முட்டைக் குவியல் இருக்கும். அறுத்ததும் தாளை மடக்கி உழுதுவிடுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): பக்கத்து வயல் கரும்பச்சையாக நிற்கிறது, என் வயல் வெளிர்பச்சை. ஒரு மூட்டை யூரியா கூடப் போடட்டுமா?

பதில்: பக்கத்து வயலைப் பார்த்து உரம் போடாதீர்கள். கரும்பச்சை இலை மெத்தென்று இருக்கும், இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் குலைநோய் என்ற பூசண நோயும் தேடி வரும். இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்க எண் போட்ட பச்சைப் பட்டைகள் உள்ள இலைவண்ண அட்டை விலை மலிவு, வேளாண் துறை அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். நட்டு 14 நாளிலிருந்து வாரம் ஒருமுறை இலையோடு ஒப்பிடுங்கள். வெள்ளைப்பொன்னி என்றால் அட்டையில் 3-ஆம் எண், மற்ற ரகங்களுக்கு 4. அதற்குக் கீழே இறங்கினால்தான் தழைச்சத்து. இறங்காவிட்டால் அந்த வாரம் மூட்டையைப் பிரிக்க வேண்டாம்.

கேள்வி: தண்ணீர் எப்போதும் நிற்க வேண்டும் என்கிறார்களே?

பதில்: காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது காயவிட்டுக் காயவிட்டுத் தண்ணீர் விடுங்கள். சுற்றிலும் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் குழாயை வயலில் புதைத்து உள்ளே மண்ணை எடுத்துவிட்டால், தண்ணீர் மண்ணுக்குள் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தெரியும். மேல் மண்ணுக்கு 15 சென்டிமீட்டர் கீழே போன பிறகு பாய்ச்சினால் போதும், வேர் அங்கிருந்து குடிக்கும். நட்டு வேர் பிடிக்கும் நாட்களிலும், பூக்கும் சமயத்திலும் மட்டும் தண்ணீர் நிற்கட்டும். மோட்டார் ஓடும் நேரமும் குறையும்.

கேள்வி (விழுப்புரம்): அப்படியானால் எல்லாவற்றுக்கும் பொறுத்திருந்து பார்க்கலாமா?

பதில்: இல்லை. இதைத் தப்பாகப் புரிந்துகொண்டு யாரும் நஷ்டப்படக் கூடாது.

களைக்குப் பொறுக்கவே கூடாது. முதல் மாதத்தில் களையை விட்டால் பயிர் பிறகு எழுந்திருக்காது. எலியும் அப்படித்தான், வரப்பு வளையைப் பயிர் இளசாக இருக்கும்போதே பாருங்கள். குலைநோய்க்கு இடம் கொடுக்கும் பிபிடி 5204 மாதிரி ரகம் போட்டு, மார்கழிப் பனி விழுந்து, இலையில் கண் வடிவப் புள்ளி வந்துவிட்டால் ஒரு வாரம் யோசித்துக்கொண்டிருக்காதீர்கள். கதிர் கழுத்தில் பிடித்தால் மணி பிடிக்காது. துங்ரோ வைரஸ் நோய் வருகிற ஊர் என்றால், அதைப் பரப்பும் பச்சைத் தத்துப்பூச்சி குத்துக்கு இரண்டு இருந்தாலே நடவடிக்கை எடுக்க வேண்டும். மற்ற ஊரில் தூர் கட்டும்போது ஐந்து வரை விடலாம்.

பூச்சிக்கும் நோய்க்கும் இங்கே வித்தியாசம் உண்டு. பூச்சியைத் தின்ன வயலில் வேறு பூச்சி இருக்கிறது. குலைநோய்ப் பூசணத்துக்கு அப்படி நாம் நம்பி உட்காரக்கூடிய காவல் வயலில் இல்லை.

கேள்வி: ஐயா, மருந்தடிக்காமல் இருந்தால் வீட்டில் திட்டுகிறார்கள். "ஊரே அடிக்கிறது, இவன் வரப்பில் நின்று வேடிக்கை பார்க்கிறான்" என்கிறார் மாமனார். என்ன சொல்வது?

பதில்: உங்கள் மாமனாரின் பயம் நியாயமானது. கடன் வாங்கிச் செய்கிற விவசாயத்தில், அடித்தும் பயிர் போனால் விதி என்பார்கள், அடிக்காமல் போனால் உங்களைத்தான் சொல்வார்கள். அந்தச் சுமை எனக்குப் புரிகிறது. அதனால்தான் முழு வயலையும் பணயம் வைக்கச் சொல்ல மாட்டேன்.

வயலின் நடுவே பத்துக்குப் பத்து மீட்டரில் ஒரு துண்டைக் கழி நட்டுக் கயிறு கட்டிப் பிரியுங்கள். அங்கே மட்டும் பூச்சிமருந்து வேண்டாம். மற்ற இடத்தில் அவர் விருப்பப்படி நடக்கட்டும். உரம், தண்ணீர், களை எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். பக்கத்தில் அடிக்கும் மருந்து காற்றில் இந்தத் துண்டுக்குள் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். நோட்டை அவர் கையில் கொடுத்து, வாராவாரம் சிலந்தியை அவரையே எண்ணச் சொல்லுங்கள். அறுவடை அன்று இந்தத் துண்டையும், அடித்த பக்கத்தில் இதே அளவு இன்னொரு துண்டையும் தனித்தனியாக அறுத்து, தூற்றி, ஒன்றுபோலக் காயவைத்து, அவர் முன்னாலேயே எடை போடுங்கள். மருந்துக்கும் அடித்த ஆளுக்கும் கொடுத்த ரசீதையும் தராசுப் பக்கத்தில் வையுங்கள்.