சிதறல் எங்கே இருக்கிறது? – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். அசைவு வரைகலை (மோஷன் கிராஃபிக்ஸ்) பற்றி நீங்கள் எழுதிவருவதைத் தொடர்ந்து படிக்கிறேன். ஏழு ஆண்டுகளாக எந்த நிறுவனத்தையும் சாராமல் ஃப்ரீலான்ஸ் மோஷன் டிசைனராக வேலை செய்கிறேன். சென்ற ஓராண்டில் மட்டும் ஒரு செயலியின் பொத்தான்களுக்கும் திரைமாற்றங்களுக்குமான அசைவுகள், ஓர் ஆவணப்படத்தின் டைட்டில், இரண்டு லோகோ அனிமேஷன்கள், ஒரு கருவியைப் பொருத்தும் முறையை விளக்கும் எக்ஸ்ப்ளைனர் வீடியோ, ஒரு நடன நிகழ்ச்சியின் பின்திரையில் ஓடும் காட்சிகள் ஆகியவற்றைச் செய்தேன். இவற்றைச் சேர்த்து, வாடிக்கையாளர்களுக்குக் காட்டும் மாதிரித் தொகுப்பான ஷோரீலாகப் பார்த்தபோது ஐந்து பேர் செய்தவைபோல் தெரிந்தன. ஏதேனும் ஒன்றை மட்டும் பிடித்துக்கொள், இல்லாவிட்டால் யார் நினைவிலும் நிற்கமாட்டாய் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். கேட்பவர் கேட்பதையெல்லாம் செய்து கொடுத்து என்னை நானே சிதறடித்துக்கொள்கிறேனா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பட்டியலைப் பார்த்து எனக்குக் கவலை எழவில்லை. "கேட்பவர் கேட்பதையெல்லாம்" என்ற உங்கள் சொற்கள்தான் கவலை தந்தன. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

ஒருவர் பல வகை வேலைகளைச் செய்வது இந்தக் கலையின் பிறப்பிலிருந்தே உள்ள இயல்பு. இதன் முன்னோடிகள் நால்வரைப் பாருங்கள். ஆஸ்கர் ஃபிஷிங்கர் 1933இல் உருவாக்கிய 'வட்டங்கள்', இன்று அரூபத் திரைக்கலையின் முன்னோடிப் படைப்பாகப் போற்றப்படுகிறது. அது ஒரு விளம்பர நிறுவனத்துக்காகச் செய்யப்பட்ட படம். லென் லை 1935இல் படச்சுருளின் மீதே நேரடியாக வண்ணம் தீட்டி உருவாக்கிய 'வண்ணப் பெட்டி', பிரிட்டிஷ் அஞ்சல் துறையின் பார்சல் சேவைக்கான அறிவிப்போடு முடிகிறது. ஜான் விட்னி, போர்க்கால விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளை இயக்கிய கணிப்பொறியின் பாகங்களைக் கொண்டு, அசைவுப் படங்களை உருவாக்கும் தன் எந்திரத்தை அமைத்தார். 'மோஷன் கிராஃபிக்ஸ்' என்ற பெயரில் 1960இல் தொடங்கிய நிறுவனத்தின் வழியே விளம்பரங்களும் டைட்டில்களும் செய்துகொடுத்தார். சால் பாஸ் திரைப்பட டைட்டில்களையும் சுவரொட்டிகளையும் பெருநிறுவனங்களின் சின்னங்களையும் ஒருசேரச் செய்தவர். வாடிக்கையாளருக்கான வேலை ஒருபுறம், கலை மறுபுறம் என்று இவர்களின் வாழ்வைப் பிரித்துவைக்க முடியாது.

நீங்கள் செய்த ஐந்தும் ஐந்து தோற்றங்கள் கொண்டவை என்பது உண்மைதான். ஆனால் நிறமும் எழுத்துருவும் வாடிக்கையாளருடையவை. பெரும்பாலும் நீங்கள் வருவதற்கு முன்பே முடிவாகியிருப்பவை. உங்களுடையது காலம். எது எப்போது தொடங்கி, எவ்வளவு நேரத்தில் நகர்ந்து, எப்படி அமர்ந்து, எவ்வளவு நேரம் அசையாமல் நிற்கிறது என்பதை நீங்கள்தான் தீர்மானிக்கிறீர்கள். இந்த ஐந்து வேலைகளும் ஐந்து விதமான காலத்தை உங்களிடம் கேட்டிருக்கின்றன.

செயலியில் ஒரு பொத்தானின் அசைவுக்கு ஏறத்தாழ கால் வினாடிதான் கிடைக்கும். வினாடிக்கு 24 ஃபிரேம் (தனிப்படம்) என்ற கணக்கில் அது வெறும் 6 ஃபிரேம். விரல் பட்ட கணமே பதில் தெரிய வேண்டும் என்பதால் அசைவு வேகமாகத் தொடங்கி மெல்ல அடங்க வேண்டும். லோகோ அனிமேஷன் மூன்று நான்கு வினாடிகள்தான் ஓடும் என்றாலும் அதே பார்வையாளர் அதை நூறு முறை பார்ப்பார். முதல் முறை வியப்பூட்டும் துள்ளல் பத்தாவது முறை எரிச்சலூட்டும் என்பதை முன்னுணர்ந்து அதைச் செய்தாக வேண்டும். டைட்டிலோ ஒரே ஒருமுறை பார்க்கப்படுவது; இருட்டில் அமர்ந்திருப்பவரை வரவிருக்கும் படத்தின் மனநிலைக்குள் அழைத்துச்செல்லும் பொறுப்பு அதற்கு உண்டு. மேடைப் பின்திரை இவை எல்லாவற்றிலிருந்தும் வேறுபட்டது. அங்கே நடனமணிதான் முதன்மை. அவருடைய கை உயரும் கணத்தில் உங்கள் திரையில் ஏதேனும் பளிச்சிட்டால் அந்தக் கையை நீங்கள் பறித்துக்கொள்கிறீர்கள். (திரை ஒளி ஒரு வினாடியில் மூன்று முறைக்கு மேல் பளிச்சிடக் கூடாது என்ற இணைய அணுகல்தன்மை விதியை மேடையிலும் கடைப்பிடியுங்கள். ஒளி மினுக்கத்தால் வலிப்பு வரக்கூடியவர்கள் எந்த அரங்கிலும் இருக்கலாம்.)

எக்ஸ்ப்ளைனர் வீடியோவைப் பலர் கீழான வேலையாக நினைக்கிறார்கள். எனக்கு அதிகம் கற்றுத் தந்தது அதுதான். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவக் கருவியின் பயன்பாட்டை விளக்கும் படம் ஒன்றைச் செய்தேன். அதற்கு முந்தைய மாதங்கள் முழுவதும் விளம்பரங்களில் கழிந்திருந்ததால் கை அந்த வேகத்திலேயே ஓடியது. பார்த்தவர்கள் அழகாக இருக்கிறது என்றார்கள். அந்தக் கருவியை நாள்தோறும் கையாளும் செவிலியர் ஒருவர் மட்டும், மூன்றாம் படியில் குழாயை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று கேட்டார். படத்தில் அது இருந்தது. ஆனால் 12 ஃபிரேம்கள், அதாவது அரை வினாடி மட்டுமே இருந்தது. அன்று இரவு ஒவ்வொரு படியின் இறுதியிலும் எதுவும் அசையாத ஒன்றரை வினாடியைச் சேர்த்தேன். திரையில் வரும் ஒவ்வொரு வரியும் இரண்டு முறை நிதானமாகப் படித்து முடிக்கும்வரை நிற்குமாறு மாற்றினேன். அதன்பின் நான் செய்த எந்த டைட்டிலிலும் அந்த அசைவின்மை இருக்கிறது. விளம்பரங்களை மட்டும் செய்துகொண்டிருந்தால் அது எனக்கு வாய்த்திருக்காது.

உங்கள் நண்பர்கள் சொல்வதில் வணிக நியாயம் உண்டு. மருத்துவ விளக்கப்படம் தேவைப்படுபவர், அதை மட்டுமே செய்பவரைத் தேடிப் போவார். அவருக்குக் கூடுதல் ஊதியம் தரவும் தயங்கமாட்டார். உங்களுக்கு அப்படி ஒரு துறையில் ஆழ்ந்த விருப்பம் இருந்தால் தாராளமாக அதற்குள் செல்லுங்கள். நினைவில் நிற்கமாட்டோம் என்ற அச்சத்தால் மட்டும் செல்ல வேண்டாம்.

இனி என் கவலைக்கு வருகிறேன். வாடிக்கையாளர் ஒரு வீடியோவின் இணைப்பை அனுப்பி, "இதைப் போலவே வேண்டும்" என்கிறார். நீங்களும் அதன் கீஃப்ரேம்களை, அதாவது ஒவ்வோர் அசைவும் தொடங்கி முடியும் புள்ளிகளை எண்ணி, வேகம் ஏறி இறங்கும் வளைவுகளை ஊகித்து, அதைப் போலவே செய்துகொடுத்துவிடுகிறீர்கள். இத்தகைய பத்து வேலைகள் ஒரே துறைக்குள் அமைந்திருந்தாலும் ஒருவரைச் சிதறடிக்கப் போதுமானவை. ஏனெனில் அவற்றில் எந்த இடத்திலும் காலத்தை நீங்கள் முடிவு செய்யவில்லை. உங்கள் ஐந்தில் இப்படிப்பட்டவை எத்தனை என்று நேர்மையாகக் கணக்கிட்டுப் பாருங்கள். அடுத்த முறை அத்தகைய இணைப்பு வந்தால், அதில் அவரைக் கவர்ந்தது என்ன என்று கேளுங்கள். பெரும்பாலும் வேகம், அமைதி, விளையாட்டுத்தனம் என்று ஏதோ ஒரு குணத்தைச் சொல்வார். அந்தக் குணத்தை உங்கள் வழியில் எட்டும் இரண்டு ஸ்டைல் ஃபிரேம்களையும் (தோற்றத்தைக் காட்டும் அசையாத மாதிரிப் படங்கள்), ஐந்து வினாடி அசைவுச் சோதனை ஒன்றையும் முழு வேலையைத் தொடங்கும் முன்பே காட்டுங்கள். அப்போதும் நகல்தான் வேண்டும் என்றால் அந்த வேலையை மறுத்துவிடுங்கள். வாடகைக்காக ஏற்க நேரும் மாதங்கள் வரும். அதில் குற்றமில்லை, ஆனால் அதை ஷோரீலில் சேர்க்காதீர்கள்.

ஷோரீலைப் பொறுத்தவரை, பின்னணி இசையை முழுவதுமாக நீக்கிவிட்டு ஒருமுறை பாருங்கள். இசையின் தாளத்துக்கேற்ப வெட்டும்போது வெவ்வேறு காலங்களைக் கொண்ட ஐந்து வேலைகளும் ஒரே வேகத்துக்குள் திணிக்கப்படுகின்றன. உங்கள் தேர்வுகள் வெட்டில் மறைந்து, தோற்ற வேறுபாடு மட்டும் கண்ணில் படுகிறது. ஐந்து பேர் செய்ததுபோல் தெரிந்ததற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். வேலைக்கு ஒன்றாக, ஒவ்வொன்றிலும் அசைவு தொடங்கி அடங்குவதுவரை வெட்டாமல் எடுத்து வரிசையாக வையுங்கள். அப்படித் தொகுத்ததை எனக்கு அனுப்பினால் பார்த்துவிட்டு எழுதுகிறேன். மேடைக் காட்சிகளில் ஒரு நிமிடமாவது அதில் இருக்கட்டும்.

அன்புடன்.