ஏ-நம்பரைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள்

அமெரிக்க இமிக்ரேஷன் கோர்ட்டில் நாடுகடத்தல் வழக்கு நடப்பவர்கள் அனுப்பிய கேள்விகள்.

ஆஜராகச் சொல்லி வந்த நோட்டீஸில் தேதி போடவில்லை. தேதி வரும்வரை சும்மா இருக்கலாமா? (டல்லாஸ்)

கூடாது. நோட்டீஸில் ‘ஏ’ போட்டு 9 இலக்க எண் இருக்கும். 1-800-898-7180-ஐக் கூப்பிட்டு அதை அழுத்தினால் அடுத்த தேதியைச் சொல்லும். இணையத்திலும் பார்க்கலாம். வாரம் ஒருமுறை பாருங்கள். தேதியை முன்னுக்கும் இழுப்பார்கள். “தேதி இல்லாத நோட்டீஸ் செல்லாது” என்று நண்பர் சொன்னாராம். தேதி குறித்த தாள் பிறகு தனியாக வந்திருந்தால், போகாதவர் மீது போட்ட உத்தரவு நிற்கும் என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நண்பரிடம் சொல்லுங்கள்.

வீடு மாறிவிட்டேன். ஏஆர்-11 என்ற விலாச மாற்றப் படிவம் போட்டாயிற்று. போதுமா?

போதாது. அது குடியேற்ற மனுக்களைப் பார்க்கும் யுஎஸ்சிஐஎஸ் அலுவலகத்துக்குப் போகிறது, கோர்ட்டுக்கு அல்ல. கோர்ட்டுக்குத் தனி விலாச மாற்றப் படிவம் ஈஓஐஆர்-33, 5 வேலை நாளுக்குள். அதன் நகல் ஐஸ் (குடியேற்ற அமலாக்கத் துறை) வக்கீல் அலுவலகத்துக்கு, அவர்தான் கோர்ட்டில் அரசுத் தரப்பு. ஆக மூன்று இடம். எத்தனை முறை எழுதினாலும் இதே கேள்வி வருகிறது.

காய்ச்சலால் ஹியரிங்குக்குப் போகவில்லை. நான் இல்லாமலே உத்தரவு போட்டுவிட்டார்கள்.

உத்தரவுத் தேதியிலிருந்து 180 நாளுக்குள் வழக்கைத் திரும்பத் திறக்க மனு போடலாம். சாதாரணக் காய்ச்சல் எடுபடாது. ஆஸ்பத்திரிச் சீட்டு, டாக்டர் கடிதம் வேண்டும். விலாசத்தை ஒழுங்காகக் கொடுத்திருந்தும் நோட்டீஸ் வரவில்லை என்றால் காலக்கெடு கிடையாது. மனு போட்டதும், ஜட்ஜ் முடிவு சொல்லும்வரை நாடுகடத்த முடியாது. இந்த மனு ஒரே ஒருமுறைதான், அவசரத்தில் வீணாக்காதீர்கள்.

கோர்ட்டே வக்கீல் தருமா?

தராது. இலவச உதவி தரும் அமைப்புகளின் பட்டியலை, மாநிலவாரியாக, கோர்ட் வெளியிடுகிறது. கீழிருந்து மேலாகக் கூப்பிடுங்கள், முதல் பெயரை எல்லாரும் கூப்பிட்டிருப்பார்கள்.

எங்கள் ஊர்க்கார அண்ணன் ஒருவர் அசைலம் (அடைக்கலம்) கேட்கும் ஐ-589 ஃபாரம் நிரப்பிக் கொடுத்தார். பணமும் வாங்கினார். நகல் கேட்டால் “நான் பார்த்துக்கிறேன்” என்கிறார். (நியூ ஜெர்சி)

முதலில் நகலை வாங்குங்கள். ஐ-589-இன் டி பகுதியைத் திறந்து பாருங்கள். கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளை தவிர வேறு யாராவது இதைத் தயாரித்தார்களா என்று ஒரு கேள்வி இருக்கும். அண்ணன் “இல்லை” என்று டிக் போட்டிருப்பார். அதே பகுதியில், எல்லாம் உண்மை என்று உறுதி சொல்லி உங்கள் கையெழுத்து. தயாரித்தவர் கையெழுத்திட வேண்டிய ஈ பகுதி வெறுமையாக இருக்கும். அதாவது பொய்க்குப் பொறுப்பு நீங்கள், பணம் மட்டும் அவருக்கு.

அடுத்து பி பகுதி. இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, சமூகக் குழு, சித்திரவதை என்று, அடைக்கலம் கேட்கும் காரணத்துக்கு ஆறு கட்டங்கள். ஆறிலும் டிக் இருக்கிறதா? கீழே உள்ள கதை அறைத்தோழர் கதை போலவே இருக்கிறதா? எல்லையில் அதிகாரி உங்களைப் பேட்டி எடுத்திருந்தால் அந்தக் குறிப்பு ஐஸ் வக்கீலின் ஃபைலில் இருக்கிறது. அங்கே இரண்டு முறை அடித்தார்கள் என்று சொல்லி, இங்கே ஐந்து முறை என்று எழுதியிருந்தால் அவர் முதலில் கேட்பது அதைத்தான். தெரிந்தே இட்டுக்கட்டிய மனு என்று ஜட்ஜ் தீர்மானித்தால் குடியேற்றச் சலுகைகள் ஆயுளுக்கும் அடைபடும்.

தப்பைத் திருத்த வழி உண்டு: மனுவை முழுதாகக் கேட்கும் பெரிய விசாரணைக்கு முன்னால் திருத்திய பக்கங்களையும், ஏன் திருத்துகிறீர்கள் என்ற வாக்குமூலத்தையும் தாக்கல் செய்யலாம். அதை வக்கீலோ, அமெரிக்க நீதி அமைச்சகம் முழு அங்கீகாரம் கொடுத்த பிரதிநிதியோ செய்யட்டும். பகுதி அங்கீகாரம் உள்ளவர் கோர்ட்டில் ஆஜராக முடியாது. உங்களுக்காக முழு வழக்கிலும் நிற்பவர், ஆஜராவதாகக் கோர்ட்டுக்குச் சொல்லும் ஈஓஐஆர்-28 படிவம் போட்டிருப்பார். போட்டாரா என்று கேளுங்கள். முழிப்பவரை விட்டு விலகுங்கள். நாட்டுக்குள் வந்து ஓராண்டுக்குள் ஐ-589 தாக்கலாக வேண்டும். அண்ணன் உண்மையில் தாக்கல் செய்தாரா என்பதையும் ரசீதைப் பார்த்தே நம்புங்கள்.

ஊரிலிருந்து வந்த எஃப்ஐஆரைத் தம்பி மொழிபெயர்க்கலாமா?

இரண்டு மொழியும் தெரிந்தால் செய்யலாம். தனக்கு இரண்டும் தெரியும், மொழிபெயர்ப்பு சரி என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். முத்திரையையும் ஓரத்தில் கிறுக்கியதையும்கூட விடக்கூடாது.

மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டுக்காரர், என் யாழ்ப்பாணப் பேச்சு அவருக்கு விளங்கவில்லை.

அப்போதே ஜட்ஜிடம் சொல்லுங்கள், பதிவாகும். தலையாட்டிவிட்டு அப்பீலில் சொன்னால் எடுபடுவது கஷ்டம்.

வழக்கு நடக்கும்போதே நானே ஊருக்குக் கிளம்பிவிட்டால்?

சொல்லாமல் போனால் அடுத்த தேதியில் நாடுகடத்தும் உத்தரவு விழும். ஜட்ஜிடம் தன்னிச்சைப் புறப்பாடு, அதாவது நாடுகடத்தும் உத்தரவு இல்லாமல் நீங்களே கிளம்ப அனுமதி, கேளுங்கள். ஆரம்பத்திலேயே கேட்டால் கிளம்ப 120 நாள் வரை கிடைக்கும், வழக்கின் கடைசியில் கேட்டால் 60 வரை.