பல்பை மாத்துறதுக்கு முன்னாடி எர்த்தைப் பாருங்க: போட் டிரெய்லர் லைட் கேள்வி பதில்

ஏப்ரல் 15-ல மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பிச்சா ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த ரெண்டு மாசம்தான் எனக்கு சீசன். சின்ன பைபர் போட்டு, கயாக், பாய்மரப் படகுன்னு ஆளாளுக்கு டிரெய்லர்ல ஏத்திக்கிட்டு பட்டறைக்குக் கிளம்புவாங்க. பாதி வழியில பின்னாடி லைட் எரியலைன்னு தெரிஞ்சதும் எனக்கு போன் வரும். கடலூர் முதுநகர்ல ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறவன் நான். இந்த வாட்டி கேட்டதுல பொதுவா உதவும்னு தோணினதுக்கு மட்டும் இங்க பதில் சொல்றேன்.

தேவனாம்பட்டினத்துல இருந்து ஒரு தம்பி: அண்ணே, பிக்கப் வண்டிக்குப் பின்னாடி டிரெய்லர். பார்க் லைட் போட்டா ஏதோ எரியுது. பிரேக் மிதிச்சா இடது பக்கம் மங்கிடுது. இண்டிகேட்டர் போட்டா டெயில் லைட்டும் சேர்ந்து துடிக்குது. ரெண்டு தடவை பல்பு மாத்திட்டேன்.

பல்பு மேல பழியைப் போடாதீங்க தம்பி. இது எர்த்துக் கோளாறு. என்கிட்ட வர்ற பத்து டிரெய்லர்ல பாதிக்கு மேல இதேதான்.

உங்க ஊர்க்காரருக்கு இதைச் சுலபமாச் சொல்லலாம். தாழங்குடா பக்கம் தென்பெண்ணை முகத்துவாரம் மண்ணடிச்சு மூடிக்கிட்டா என்ன ஆகும்? ஆத்துத் தண்ணி நிக்காது, பின்வாங்கி பக்கத்து வாய்க்கால்ல ஏறும். கரண்டும் அப்படித்தான். பிரேக் பல்புக்குள்ள ரெண்டு இழை இருக்கு, ஒண்ணு 21 வாட், இன்னொண்ணு 5 வாட். ரெண்டும் பேட்டரிக்குத் திரும்பிப் போறது ஒரே எர்த்து வழியா. அந்த வழி துருவால அடைபட்டா, 21 வாட் இழையில வந்த கரண்ட் 5 வாட் இழைக்குள்ள பின்பக்கமாப் புகுந்து, பார்க் லைட் வயர்ல ஏறி, வலது பக்க லைட் வழியா எர்த்தைத் தேடிப் போகும். அதான் ஒண்ணு மங்குது, ஒண்ணு துடிக்குது.

சந்தேகத்தைத் தீர்த்துக்க அஞ்சு நிமிஷம் போதும். நீளமா ஒரு வயர் எடுத்து ஒரு முனையை வண்டி பேட்டரியோட மைனஸ்ல கட்டுங்க. இன்னொரு முனையை மங்கலா எரியற லைட்டோட எர்த்துல, அதாவது பல்பு ஹோல்டரோட உடம்புல தொடுங்க. பளிச்சுன்னு எரிஞ்சா விஷயம் முடிஞ்சது. மீட்டர் வெச்சிருந்தா லைட் எரியும்போதே பேட்டரி மைனஸுக்கும் ஹோல்டர் உடம்புக்கும் நடுவுல வோல்ட் பாருங்க. அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த்து சரியில்லை.

இப்போ வேலை. நம்ம ஊர்ல முக்கால்வாசிப் பேர் டிரெய்லர் கொக்கிதான் எர்த்துன்னு நம்பிக்கிட்டு இருக்காங்க. கொக்கியில கிரீஸும் துருவும்தான் இருக்கும், குண்டும் குழியும் வந்தா தொடுப்பு விட்டு விட்டு வரும். பிளக்குல இருந்து தனியா ஒரு எர்த்து வயர், 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) கனத்துல, ரெண்டு லைட்டுக்கும் நேரா இழுத்துடுங்க. சேசிஸ்ல போல்ட் போட்டே ஆகணும்னா பெயிண்ட்டை உப்புத்தாள் வெச்சுத் தேய்ச்சு, வெள்ளை இரும்பு தெரிஞ்ச பிறகு லக்கை (வயர் முனையில மாட்டற உலோகக் காது) முடுக்கி, மேல கிரீஸ் தடவுங்க. (உப்புக்காத்து செஞ்ச வேலையை உப்புத்தாள்தான் சரி பண்ணணும், பாருங்க.)

சோனாங்குப்பத்துல இருந்து: மாமா, மீட்டர் வெச்சுப் பார்த்தா ஹோல்டர்ல 12 வோல்ட் சுத்தமா வருது. ஆனா புது பல்பு போட்டாலும் எரியல. இது எப்படி?

மீட்டர் பொய் சொல்லலை மாப்ளே, நீங்க கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லியிருக்கு. மீட்டர் கரண்டே குடிக்காது. வயருக்குள்ள ஒரே ஒரு இழை உயிரோட இருந்தாலும் 12 காட்டிடும். 21 வாட் பல்புக்கு ஒண்ணே முக்கால் ஆம்பியர் வேணும். அவ்வளவு கரண்ட் அந்த ஒத்தை இழையில வராது.

அதனால டிரெய்லர் வேலைக்கு மீட்டரை விட டெஸ்ட் லேம்ப்தான் எனக்குப் பிடிக்கும். பழைய இண்டிகேட்டர் பல்பு, ஒரு ஹோல்டர், ரெண்டு முழம் வயர், நுனியில ரெண்டு கிளிப். இது நல்லா எரிஞ்சா அங்க நிஜமாவே கரண்ட் இருக்கு. எரியலைன்னா ஒரு முழம் பின்னாடி போய் மறுபடி பாருங்க. எங்க எரிய ஆரம்பிக்குதோ, அதுக்கும் இதுக்கும் நடுவுலதான் கோளாறு.

வயர் வெளியில பார்க்கப் புதுசு மாதிரி இருக்கும், ஏமாந்துடாதீங்க. 2024 நவம்பர் 30-ல பெஞ்சல் புயல் அடிச்சுதே, அதுக்குப் பிறகு தேங்காய்த்திட்டு பக்கம் தண்ணியில நின்ன ஒரு டிரெய்லரை எங்கிட்ட கொண்டு வந்தாங்க. உறையில ஒரு கீறல் இல்லை. முனையைச் சீவினா செம்பு கரி மாதிரி கறுத்து, விரல்ல தேய்ச்சா பொடிப்பொடியா உதிருது. சாண் சாணா வெட்டிக்கிட்டே போனேன், முழத்துக்கும் மேல போன பிறகுதான் செம்பு மினுங்குச்சு. பிரிஞ்ச ஒரு ஜாயிண்ட் வழியா உப்புத்தண்ணி திரி எண்ணெய் உறிஞ்சற மாதிரி உள்ள ஏறியிருக்கு. அந்த மாதிரி வயர்ல சால்டர் ஒட்டாது, லக்கும் பிடிக்காது. மொத்தமா மாத்துறதுதான் வழி. ஈயம் பூசின வயர் கிடைச்சா அதையே போடுங்க, விலை கூடுதல்தான்.

அரியாங்குப்பத்துல கயாக் வாடகைக்கு விடற ஒரு சகோதரி: சுண்ணாம்பாத்துல டிரெய்லரை இறக்கி ஏத்தினா ஒவ்வொரு வாட்டியும் லைட்டுக்குள்ள தண்ணி நிக்குது, பல்பும் போயிடுது. ரப்பர் வாஷர் புதுசு போட்டும் பிரயோஜனம் இல்லை.

ஓட்டிக்கிட்டு வந்த சூடு ஆறாமலே தண்ணிக்குள்ள விடறீங்கம்மா. சூடான லைட்டுக்குள்ள காத்து விரிஞ்சு இருக்கும். தண்ணி பட்டதும் அந்தக் காத்து சட்டுனு சுருங்கும், உறிஞ்சுகுழல் மாதிரி வாஷர் இடுக்குல தண்ணியை இழுத்துக்கும். சூடான கண்ணாடியில குளிர்ந்த தண்ணி பட்டா பல்பும் விரிசல் விடும்.

துறைக்கு வந்ததும் முதல் வேலையா பிளக்கைப் பிடுங்குங்க. அதுக்கப்புறம் போட்டோட கட்டை அவுக்கறது, மோட்டார் பார்க்கறது எல்லாம் பண்ணி முடிக்கறதுக்குள்ள லைட் ஆறிடும். பிளக்கைப் பிடுங்கறதுல இன்னொரு லாபமும் இருக்கு. பிரேக் மிதிச்சபடியே உப்புத்தண்ணியில இறக்கினா கரண்ட் தண்ணி வழியா கசிஞ்சு செம்பை அரிச்சுடும். பித்தளைக் காதுல பச்சைக் களிம்பு அவ்வளவு வேகமா ஏறுறது அதனாலதான். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணியில லைட், பிளக், ஹோல்டர் எல்லாத்தையும் அலசிட்டு, காஞ்சதும் காதுகள்ல கொஞ்சம் வாசலின் தடவிடுங்க. லைட்டோட அடியில தண்ணி வடியற ஓட்டை இருக்கான்னும் பாருங்க. தலைகீழா மாட்டி ஓட்டையை மேல வெச்ச ஆளுங்களும் இருக்காங்க.

பாண்டிச்சேரில இருந்து ஒரு ரிட்டயர்டு சார்: எல்.இ.டி. லைட் மாட்டினேன். இண்டிகேட்டர் படபடன்னு அடிக்குது. மட்டமான லைட்டா?

லைட் நல்லாத்தான் இருக்கு சார். இண்டிகேட்டரை விட்டு விட்டு எரிய வைக்கறது பிளாஷர். பழைய பிளாஷர் எவ்வளவு கரண்ட் போகுதுன்னு பார்த்துத்தான் அடிக்கும். எல்.இ.டி. கொஞ்சமாத்தான் குடிக்கும், அதனால பல்பு ஒண்ணு போயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டு உங்களை எச்சரிக்குது. எல்.இ.டி.க்குன்னே விக்கற பிளாஷர் மாத்தினா சரியாப் போகும். புது வண்டிகள்ல இந்த வேலையை கம்ப்யூட்டரே பார்க்குது, மாத்த முடியாது. அங்க ஒவ்வொரு பக்கமும் பல்பு அளவுக்குக் கரண்ட் குடிக்கற ரெசிஸ்டர் சேர்க்கணும். அது நல்லாவே சூடாகும், பிளாஸ்டிக் மேல கட்டாம இரும்புல முடுக்குங்க. சாதா பல்பு போட்ட டிரெய்லர்ல இதே படபடப்பு வந்தா, நிஜமாவே ஒரு பல்பு போயிடுச்சுன்னு அர்த்தம்.

பரங்கிப்பேட்டை: இரவல் டிரெய்லர். இடது இண்டிகேட்டர் போட்டா வலது அடிக்குது, பிரேக் மிதிச்சா பார்க் லைட் எரியுது. கலர் பார்த்துத்தான் சேர்த்தேன்.

கலரை நம்பினதுதான் தப்பு. ஏழு பின் பிளக்குக்கு ஐஎஸ்ஓ 1724-னு ஒரு முறை உண்டு. 1 மஞ்சள் இடது இண்டிகேட்டர், 3 வெள்ளை எர்த்து, 4 பச்சை வலது இண்டிகேட்டர், 5 பழுப்பு வலது டெயில், 6 சிவப்பு பிரேக், 7 கறுப்பு இடது டெயில். நீல நிற 2-ஆம் பின் பின்பக்க பனி விளக்குக்கு, நம்ம பக்கம் அது பெரும்பாலும் சும்மாதான் கிடக்கும். அமெரிக்காவுல நாலு வயர் பிளக்குல பிரேக்கும் இண்டிகேட்டரும் ஒரே வயர்லதான் வரும், அந்த லைட்டை வாங்கிட்டு வந்து இங்க மாட்டினா குழப்பம்தான் மிச்சம்.

இதெல்லாம் புத்தகத்துல. எனக்கு வேலை கத்துக்கொடுத்த மேஸ்திரி ஒரு சுருள் சிவப்பு வயர் மலிவாக் கிடைச்சுதுன்னு ஒரு டிரெய்லர் முழுக்க சிவப்பையே இழுத்தாரு. எது எதுன்னு கண்டுபிடிக்க எனக்கு ஒரு பகல் போச்சு. அன்னையில இருந்து நான் பண்றது இதுதான்: முதல்ல வண்டி சாக்கெட்ல டெஸ்ட் லேம்ப் வெச்சு, ஒவ்வொரு சுவிட்சா போட்டு எந்தப் பின்ல என்ன வருதுன்னு பேப்பர்ல எழுதிக்குவேன். அப்புறம் டிரெய்லரைக் கழட்டிவெச்சு, பியூஸ் போட்ட தனி பேட்டரியில இருந்து பிளக்கோட ஒவ்வொரு பின்னுக்கும் கரண்ட் கொடுத்து எந்த லைட் எரியுதுன்னு பார்த்து எழுதுவேன். ரெண்டு பேப்பரையும் பக்கத்துல வெச்சா தப்பு தானாத் தெரியும்.

சிங்காரத்தோப்பு: அவசரத்துக்கு லாரியில மாட்டினோம். எல்லா பல்பும் பளீர்னு எரிஞ்சு ஒரே நிமிஷத்துல செத்துப்போச்சு.

பிக்கப், டிராக்டர், கார் எல்லாம் 12 வோல்ட். பெரிய லாரி 24. பல்பு அடியில எழுதியிருக்கும், பார்த்துட்டு மாட்டுங்க.

வீராம்பட்டினம்: பிரேக் மிதிச்சா மட்டும் பியூஸ் போகுது. இதுவரைக்கும் அஞ்சு பியூஸ் காலி. பெரிய பியூஸ் போட்டுடலாமா?

வேண்டவே வேண்டாம். பியூஸ் தாங்கினா அடுத்து வயர்தான் எரியும், அதுவும் வண்டிக்குள்ள. சிகரெட் பேப்பர் ஈயத்தைச் சுத்தறவங்களுக்கும் இதே பதில்தான்.

பிரேக் வயர் எங்கேயோ சேசிஸ்ல உரசி உறை தேஞ்சிருக்கு. கண்டுபிடிக்க பியூஸைக் காலி பண்ண வேண்டியதில்லை. டிரெய்லர்ல பிரேக் பல்பை எல்லாம் கழட்டிடுங்க. வண்டியோட பிரேக் பல்பையும்தான். பியூஸ் இருந்த இடத்துல ரெண்டு காதுக்கும் நடுவுல 21 வாட் பல்பு ஒண்ணைக் கட்டுங்க. ஒருத்தர் பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இருக்கட்டும். ஷார்ட் இருந்தா அந்த பல்பு முழுசா எரியும், வேற எதுவும் எரியாது. இப்போ பின்னாடி போய் வயரை ஒரு முனையில இருந்து ஆட்டிக்கிட்டே வாங்க. எந்த இடத்துல பல்பு அணையுதோ அங்கதான் உரசல். முதல்ல வின்ச் (போட்டை இழுத்து ஏத்தற உருளை) தூணுக்கு அடியிலயும், சட்டத்துக்குள்ள வயர் நுழையற ஓட்டையிலயும் பாருங்க. ஓட்டைக்கு ரப்பர் வளையம் போடாதவங்கதான் அதிகம்.

நல்லவாடு: ஜாயிண்ட்டை முறுக்கி கறுப்பு டேப் சுத்தினா போதாதா? எல்லாரும் அப்படித்தானே பண்றாங்க.

பண்றாங்க, அதனாலதான் எனக்குச் சோறு கிடைக்குது. நம்ம வெயிலுக்கு டேப்போட பசை ஒரே கோடையில உருகி, டேப் வாழைமட்டை மாதிரி பிரிஞ்சு நிக்கும். லக் போட்டு அழுத்தி, உள்ள பசை இருக்கிற ஹீட் ஸ்லீவ் (சூடு பட்டா சுருங்கற குழாய்) மாட்டி, பசை ரெண்டு முனையிலயும் லேசா எட்டிப் பார்க்கற வரைக்கும் சூடு காட்டுங்க. அந்தப் பசைதான் தண்ணியை நிறுத்துது. அதை விட நல்லது, தண்ணிக்குள்ள போற பாகத்துல ஜாயிண்ட்டே இல்லாம ஒரே வயரா இழுக்கறது.

கனகசெட்டிக்குளம்: போட்டு டிரெய்லரை விட நீளம். லைட் எல்லாம் போட்டுக்கு அடியில மறைஞ்சுடுது. ஈசிஆர்ல ராத்திரி வர பயமா இருக்கு.

பயப்பட வேண்டிய விஷயம்தான். டிரெய்லர்ல லைட் மாட்டறதையே விட்டுடுங்க. நாலரை அடியில ஒரு அலுமினியப் பட்டையோ நல்ல பலகையோ எடுத்து ரெண்டு பக்கமும் லைட், நடுவுல நம்பர் பிளேட், அதுக்கு ஒரு சின்ன லைட்டுன்னு மாட்டிக்குங்க. பிளக் வரைக்கும் ஒரே நீள கேபிள், கொஞ்சம் தளர்வா விட்டு. பலகையை போட்டோட பின்பக்கத்துல ரெண்டு கயிறு போட்டுக் கட்டினா பின்னாடி வர்றவனுக்கு போட்டு எங்க முடியுதுன்னு தெரியும். துறைக்கு வந்ததும் அவுத்து வண்டிக்குள்ள போட்டுடலாம், உப்புத்தண்ணியே படாது. மோட்டாரோட காத்தாடி பலகையை மறைக்காமப் பார்த்துக்குங்க. பலகை ரெடியானதும் ராத்திரியில ஒருத்தரை பிரேக் மிதிக்கச் சொல்லிட்டு நீங்க அம்பது அடி பின்னாடி போய் நின்னு பாருங்க. கயிறு தொங்கி லைட்டை மறைக்கிறது பகல்ல கண்ணுக்கே தெரியாது.