ஃபர்ரி புனைகதை எழுதுபவர்களுக்கென்று இலக்கிய விருதுகள் உண்டா?

உண்டு. விலங்குகள் மனிதரைப் போலப் பேசி, சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகும் கதைகளைத்தான் ஃபர்ரி புனைவு என்கிறார்கள். வட அமெரிக்காவிலிருந்து வழங்கப்படும் இரண்டு விருதுகளைச் சொல்கிறேன்.

பழையது உர்சா மேஜர். 2001-ல் வெளியான படைப்புகளிலிருந்து தொடங்கியது. பெயர் நம் சப்தரிஷி மண்டலத்தையும் உள்ளடக்கிய பெருங்கரடி விண்மீன் கூட்டத்தினுடையது. யார் வேண்டுமானாலும் பரிந்துரைக்கலாம், வாக்களிக்கலாம். நாவல், சிறுகதை மட்டுமல்ல. சித்திரக்கதை, விளையாட்டு, திரைப்படம் எல்லாமே இதில் உண்டு. 2016-க்கான திரைப்பட விருதை டிஸ்னியின் 'ஸூட்டோப்பியா' தட்டிச் சென்றது! வாசகர் வாக்கு என்பதால் ரசிகர் பட்டாளம் உள்ளவர் கை ஓங்குவதும் இயல்புதான்.

எழுத்தாளருக்கு நெருக்கமானது என்றால் 'கயோட்டில்' (Cóyotl) விருது. ஃபர்ரி எழுத்தாளர் சங்கம் 2010-ல் உருவானது. அது தரும் விருது இது. நாவல், குறுநாவல், சிறுகதை, தொகைநூல் எனப் பிரிவுகள். வாக்கு சங்க உறுப்பினர்களுக்கு மட்டும். அதாவது சக எழுத்தாளர்களே தேர்வு செய்கிறார்கள். நான் எழுதுபவனாக இருந்தால் இதைத்தான் பெரிதாக நினைப்பேன். பெயர், ஓநாய்க்கு உறவான கயோட்டி என்ற விலங்கைக் குறிக்கும், மெக்சிகோ பழங்குடியினரின் நாவாட்டில் மொழிச் சொல்.