காயத்தைக் காற்றாட விட வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 41. ஈரோடு அருகே ஜல்லி கொட்டிக் கிடந்த சாலையில் பைக் சறுக்கி விழுந்ததில், முன்கையில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சிராய்ந்துவிட்டது. மருத்துவர் காயத்தைக் கழுவி, தோல் நிறத்தில் ஹைட்ரோகொலாய்டு என்ற ஒட்டுப்பட்டையைப் போட்டு, மூன்று நாள் பிரிக்கக் கூடாது என்றார். இரண்டாம் நாளே ஓரத்தில் மஞ்சளாகக் கூழ்போலக் கசிகிறது, இலேசான வாடையும் வருகிறது. "சீழ் வைத்துவிட்டது, பிரித்துப் பவுடர் போட்டுக் காற்றாட விடுங்கள்" என்கிறார் மாமியார். எனக்குச் சர்க்கரை நோய் இல்லை. என்ன செய்யட்டும்?

பதில்: வலி கூடாமலும், காயத்தைச் சுற்றிச் சிவப்பு பரவாமலும், காய்ச்சல் இல்லாமலும் இருந்தால், பட்டையை அப்படியே விட்டுவிடுங்கள். நீங்கள் பார்த்தது பெரும்பாலும் சீழ் அல்ல. காயத்திலிருந்து ஊறும் நீரை உறிஞ்சி மஞ்சள் கூழாக மாறுவது இந்த வகைப் பட்டையின் இயல்பு, வாடையும் அதனுடையதே. பட்டையை மாற்றும் நாளில் சுத்தமான நீரால் கழுவும்போது கூழும் வாடையும் போய், அடியில் இளஞ்சிவப்பாகப் பளபளக்கும் சதை தெரிந்தால் காயம் நன்றாக ஆறுகிறது என்று பொருள். கழுவிய பிறகும் கெட்டியான சீழும் துர்நாற்றமும் இருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

உங்கள் மாமியார் சொல்வதைத்தான் ஒரு காலத்தில் மருத்துவர்களும் சொல்லி வந்தார்கள். அதை மாற்றியது, பிரிட்டனைச் சேர்ந்த ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் 1962-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட சிறிய கட்டுரை. மனிதத் தோலைப் பல வகையில் ஒத்திருக்கும் பன்றித் தோலில் ஆழமில்லாத காயங்களை உண்டாக்கி, சிலவற்றைப் பாலிதீன் படலத்தால் மூடி, மற்றவற்றைத் திறந்தே விட்டு, நுண்ணோக்கியின் கீழ் மேல்தோல் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று அவர் அளந்தார். மூடிய காயங்களில் மேல்தோல் ஏறத்தாழ இரண்டு மடங்கு வேகத்தில் வளர்ந்திருந்தது. மறு ஆண்டே ஹின்மன், மெய்பாக் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் மனிதர்களிடமும் இதையே கண்டார்கள்.

காரணம் எளிமையானது. காயத்தின் ஓரங்களிலிருந்தும், அடியில் மிஞ்சியிருக்கும் மயிர்க்கால்களிலிருந்தும் புதிய மேல்தோல் செல்கள் புறப்பட்டு ஊர்ந்து வந்துதான் இடைவெளியை மூட வேண்டும். ஈரம் இருந்தால் அவை காயத்தின் பரப்பிலேயே வழுக்கிக்கொண்டு வந்துவிடும். காற்றுப் பட்டு மேற்பரப்பு காய்ந்தாலோ, பொருக்கோடு சேர்ந்து உள்தோலின் மேலடுக்கும் உலர்ந்து செத்துப்போகிறது; செல்கள் அந்தக் காய்ந்த அடுக்குக்கு அடியில், ஈரம் இருக்கும் ஆழத்தைத் தேடிக் குடைந்து போக வேண்டியிருக்கிறது. பொருக்கு கட்டிவிட்டால் புண் ஆறிவிட்டது என்று நாம் நிம்மதி அடைகிறோம்; அந்தப் பொருக்கே வழியை அடைத்துக்கொண்டிருக்கிறது.

மூடி வைத்தால் கிருமி பெருகும் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் பல ஆய்வுகளைத் தொகுத்து 1990-இல் வெளியான ஒரு கட்டுரையில், இப்படி மூடிய காயங்களில் தொற்று 2.6 சதவீதமாகவும், சாதாரணக் கட்டுப் போட்டவற்றில் 7.1 சதவீதமாகவும் இருந்தது. அதே வேளையில், ஈரம் என்பது ஊறப்போடுவதும் அல்ல. சுற்றியுள்ள தோல் நெடுநேரம் துணி துவைத்த விரல்போல வெளுத்துச் சுருங்கினால் நீர் மிகுந்துவிட்டது. பட்டையை முன்கூட்டியே மாற்ற வேண்டும்.

என் அனுபவத்தில் மிகவும் வருந்தத்தக்கது, காய்ந்து ஒட்டிய பஞ்சுத்துணியை வெடுக்கென்று உரிப்பது. துணியோடு வருவது அழுக்கு அல்ல, மூன்று நாள் பாடுபட்டு வளர்ந்த மெல்லிய புதுத்தோல். ஒட்டிக்கொண்டால் சலைன் நீரை ஊற்றிச் சில நிமிடம் காத்திருந்து எடுங்கள். பவுடர், காப்பித்தூள், மஞ்சள் எதையும் காயத்தில் தூவ வேண்டாம். டெட்டனஸ் ஊசி போட்டாயிற்றா என்பதையும் உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதைப் படிக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு வார்த்தை: இந்தப் பதில் கைச் சிராய்ப்புக்கானது. பாதத்துப் புண்ணுக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். குறிப்பாக, இரத்த ஓட்டம் குறைந்து கறுத்துக் காய்ந்துபோன கால்விரலை ஈரப்படுத்தவே கூடாது. அதை உலர்ந்தபடியே வைத்து, தாமதிக்காமல் அறுவை மருத்துவரிடம் செல்லுங்கள்.