பெரிய டயர் மாட்டிய டிரக்கில் வீல் ஸ்டட் (சக்கரத்தைப் பிடிக்கும், நட்டு ஏறும் மரைத் தண்டு) திரும்பத் திரும்ப முறிகிறது. இன்னும் வலுவான 12.9 தர ஸ்டட் போட்டால் தீருமா?

தீராது. இந்த ஒரு சொல்லோடு எழுந்து போயிருப்பேன். ஆனால் உங்கள் கேள்வியின் கடைசி வரி என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டது. "டயரைப் பெரிதாக்கினால் ஸ்டட் போகத்தான் செய்யும் என்று பட்டறையில் சொல்கிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். இதே வாக்கியத்தை, இதே அலட்சியத்தோடு சொல்லக் கேட்டவன் நான்.

நீங்கள் வண்டியின் விவரம் எதுவும் தரவில்லை. அதனால் நானே ஊகித்துக்கொள்கிறேன். ஒரு சக்கரத்துக்கு ஆறு ஸ்டட், 12 மில்லிமீட்டர் விட்டம், 1.5 மில்லிமீட்டர் மரை இடைவெளி. டயர் 35 அங்குலம். உள்ளே உரசாமல் இருக்க ரிம்முக்குப் பின்னால் வைக்கும் ஸ்பேசர் தட்டோ வெளியே தள்ளிய ரிம்மோ போட்டிருப்பீர்கள். முறிந்தது பெரும்பாலும் இடது பக்கச் சக்கரமாக இருக்கும். (ஜோதிடம் இல்லை. எல்லாப் பக்கமும் வலது மரையாக இருக்கும் வண்டிகளில் முன்னோக்கி ஓடும்போது இடது பக்க நட்டுகளே முதலில் தளர முனையும். பழைய வண்டிகள் சிலவற்றில் இடது பக்கத்துக்கு இடது மரை வைத்ததே அதனால்தான்.)

முதலில் ஒரு தவறான படத்தை மனதிலிருந்து அழித்துவிடுங்கள். வண்டியின் எடை ஸ்டட்டுகளின் மேல் தொங்கிக்கொண்டிருக்கவில்லை. நட்டை இறுக்கும்போது ஸ்டட் மிகச் சிறிதளவு நீள்கிறது. நீண்ட ஸ்டட் திரும்பச் சுருங்கப் பார்க்கும் விசைதான் ரிம்மை ஹப்போடு (சக்கரம் பூட்டப்படும் அச்சு முனை) சேர்த்து அழுத்துகிறது. அந்த அழுத்தத்தில் பிறக்கும் உராய்வுதான் எடை, பிரேக், எஞ்சின் முறுக்கு எல்லாவற்றையும் தாங்குகிறது. எல்லாம் சரியாக இருக்கும் வரை ஸ்டட்டுக்குப் பக்கவாட்டு வேலை கிடையாது.

கணக்கு போட்டுப் பாருங்கள். மரை உலர்ந்த நிலையில் 110 நியூட்டன் மீட்டருக்கு (முறுக்கை அளக்கும் அலகு) இறுக்கினால் ஒரு 12 மில்லிமீட்டர் ஸ்டட்டில் ஏறத்தாழ நாலரை டன் இறுக்கு விசை கிடைக்கும். ஆறுக்கும் சேர்த்து 27 டன். உராய்வுக் கெழுவை (அழுத்தத்தில் எத்தனை பங்கு உராய்வாகிறது என்ற எண்) 0.15 என்று வைத்தால் ரிம் சறுக்காமல் தாங்கக்கூடிய விசை சுமார் 4 டன். ஸ்டட் வட்டத்தின் ஆரம் 70 மில்லிமீட்டர் என்றால், முறுக்காகச் சொன்னால் 2,900 நியூட்டன் மீட்டர். கம்பெனி டயரோடு, ஒரு சக்கரத்தில் 800 கிலோ எடை இருந்து, பாறையில் நல்ல பிடிப்பும் இருந்தால் அந்த டயர் ஹப்பின் மேல் திருப்பிச் செலுத்தக்கூடிய முறுக்கு 2,400 அளவில் நிற்கும். அதே வண்டிக்கு 35 அங்குல டயர் மாட்டி, டிஃப் லாக் (இரு பக்கச் சக்கரங்களையும் சேர்த்துச் சுற்றவைக்கும் பூட்டு) போட்டு, வண்டி சாய்ந்து ஒரே சக்கரத்தில் 1,000 கிலோ விழும்போது அது 3,500 ஆகிவிடுகிறது. சமவெளியில் ஒன்றும் ஆகாது. பாறை இடுக்கில் டயர் மாட்டிக்கொள்ளும்போது ரிம் ஹப்பின் மேல் ஒரு நூலிழை நகர்கிறது.

பொறியாளர்கள் சண்டைக்கு வர வேண்டாம். 0.15 என்பது தோராயம்தான், வண்டிக்கு வண்டி எல்லாம் மாறும், தெரியும். எந்த எண் எதை மீறுகிறது என்று காட்டத்தான் இந்தக் கணக்கு.

அந்த நூலிழை நகர்வுதான் வினை. இறுக்கிய இணைப்பு பக்கவாட்டில் சறுக்கினால் நட்டு தானே கழன்று வரும் என்பதை கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1969இலேயே சோதனை செய்து காட்டிவிட்டார். நட்டு தளர்ந்தால் உராய்வு குறையும், உராய்வு குறைந்தால் ரிம் இன்னும் ஆடும். அதன் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் ஸ்டட் இப்படியும் அப்படியும் வளைகிறது. மரையின் அடியில் நுண்ணிய விரிசல் விழுந்து, மெல்ல வளர்ந்து, ஒரு நாள் போய்விடுகிறது. இது உலோகச் சோர்வு. வலு போதாமல் முறிவது வேறு.

12.9 தரம் ஏன் உதவாது என்பது இப்போது விளங்கும். அதைவிட வலு குறைந்த 10.9 தர ஸ்டட்டை 110க்கு இறுக்கினாலும் 12.9 ஸ்டட்டை 110க்கு இறுக்கினாலும் கிடைக்கும் இறுக்கு விசை ஒன்றேதான். கூடுதல் வலு அங்கே சும்மா கிடக்கும். போதாக்குறைக்கு, அவ்வளவு கடினமான எஃகில் மின்முறை முலாம் சரியாகப் பூசப்படாவிட்டால் ஹைட்ரஜன் புகுந்து நொறுங்கும் அபாயமும் உண்டு.

இனி என் கதை. என் டிரக்கின் ரிம்களைச் சுத்தம் செய்து புதிதாக பௌடர் கோட்டிங் போட்டுத் தரச் சொல்லி ஒரு பட்டறையில் கொடுத்தேன். பளபளவென்று வந்தன. மாட்டும் வேலையை நான் யாரிடமும் விடுவதில்லை. நட்டைக் கையால் ஓட்டி, எதிரெதிர் வரிசையில் மூன்று கட்டமாக, முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கினேன். அப்படியிருந்தும் ஒவ்வொரு முறை காட்டுப் பாதைக்குப் போய் வந்து சோதிக்கும்போதும் இடது பின் சக்கரத்தின் நட்டுகள் கால் சுற்று வாங்கிக்கொண்டன, அதாவது இன்னும் கால் சுற்று இறுகின. முதல் ஓட்டத்துக்குப் பிறகு கொஞ்சம் வாங்குவது இயல்பு. ஒவ்வொரு முறையும் வாங்குவது இயல்பில்லை. காரணத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே ஒரு கற்சரிவில் மெதுவாக ஏறுகையில் சக்கரம் சுற்றும் கணக்குக்குச் சரியாக "டக், டக்" என்று சத்தம் கேட்டது. இறங்கிப் பார்த்தால் ஒரு ஸ்டட் நட்டோடு காணாமல் போயிருந்தது. பக்கத்திலிருந்த இரண்டு நட்டுகள் விரலுக்கே சுற்றின.

பட்டறைக்குப் போனேன். முதலாளி வண்டியைச் சுற்றிக்கூட வரவில்லை. "தம்பி, இவ்வளவு பெரிய டயர் போட்டால் ஸ்டட் போகத்தான் செய்யும். நல்ல கெட்டியான ஸ்டட்டாக வாங்கிப் போடுங்கள்" என்றார். கூடவே, எனக்கு இறுக்கத் தெரியவில்லை என்றும் ஒரு பேச்சு. அதுதான் சுட்டது.

அவர் வாசலிலேயே ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றினேன். ஹப்பில் மிச்சமிருந்த ஸ்டட் துண்டின் முறிந்த முகத்தில், அலை வாங்கிய கடற்கரை மணல்போல வரி வரியாகக் கோடுகள். ஓர் ஓரத்தில் மட்டும் சொரசொரப்பு. பல நாள் வளர்ந்த விரிசல் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். பிறகு ரிம்மைத் திருப்பிக் காட்டினேன். ஹப்போடு உட்காரும் முகம் முழுவதும் பூச்சு. நட்டு உட்காரும் கூம்புக்குள்ளும் பூச்சு. அழுத்தம் விழுந்த இடங்களில் அது பிதுங்கி விளிம்பு கட்டியிருந்தது. அந்த இடங்களை மறைத்துவிட்டுத்தான் பூச்சு அடிக்க வேண்டும் என்பது அந்தத் தொழிலில் இருப்பவருக்குத் தெரியாததா?

"பூச்சு ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காதே, அதனால் என்ன ஆகிவிடும்?" என்றார். அங்கேதான் விஷயமே இருக்கிறது. 110 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கிய அந்த ஸ்டட், ரிம்முக்கும் ஹப்புக்கும் இடையே 30 மில்லிமீட்டர் பிடிநீளத்தில், மொத்தமாக நீள்வதே 0.08 மில்லிமீட்டர் அளவுதான். பௌடர் கோட்டிங்கின் தடிமன் பொதுவாக 0.06 முதல் 0.1 மில்லிமீட்டர். இரண்டு இடங்களில் அந்தப் பூச்சு நசுங்கி விலகினால் ஸ்டட்டின் நீட்சி அப்படியே கரைந்துபோகும். நீட்சி போனால் இறுக்கு விசையும் போச்சு. இதைச் சொன்னபோது அவர் வேறொரு வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விட்டார். பணமும் திரும்பவில்லை, வருத்தமும் தெரிவிக்கவில்லை. ரிம் முகத்தையும் கூம்புகளையும் நானே உலோகம் தெரியும் வரை சுரண்டினேன். ஹப்பின் முகத்திலிருந்த துருவைக் கம்பித் தூரிகையால் எடுத்தேன். அந்தச் சக்கரத்தின் ஆறு ஸ்டட்டுகளையும் மாற்றினேன். ஒன்று முறிந்தால் மற்றவையும் அதே ஆட்டத்தை ஆடியவைதானே! அதே டயர், அதே 10.9 தரம், அதன் பிறகு நட்டுகள் நகரவில்லை.

ஆகவே உங்கள் வண்டியிலும் ஸ்டட் வாங்கும் முன் சக்கரத்தைக் கழற்றி அந்த முகங்களைப் பாருங்கள். பூச்சு, துரு, காய்ந்த சேறு எதுவும் இருக்கக் கூடாது. ரிம்மின் துளை முட்டை வடிவத்துக்கு நீண்டிருந்தால் ஸ்டட்டை மாற்றிப் பயனில்லை, ரிம்மையே மாற்றுங்கள்.

நட்டின் வகையையும் பாருங்கள். கம்பெனி அலாய் ரிம்களில் சிலவற்றுக்குத் தட்டை வாஷர் வைத்த நட்டு, வெளியே வாங்கும் ரிம்களில் பலவற்றுக்கு 60 பாகைக் கூம்பு நட்டு, இன்னும் சிலவற்றுக்கு உருண்டை முகம். பழைய நட்டையே புதிய ரிம்மில் போட்டால் இறுகியதுபோலத் தெரியும், ஆனால் ஒரு மெல்லிய வளையத்தில் மட்டுமே ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஸ்பேசர் விஷயத்தில் என்னை வம்புக்கு இழுப்பவர்கள் உண்டு. ஸ்பேசரே கூடாது என்று நான் சொல்லவில்லை. சும்மா நடுவே செருகும் தட்டு வகை மரையைத் தின்றுவிடும். நட்டு குறைந்தபட்சம் ஸ்டட்டின் விட்டத்தளவு மரையைப் பிடிக்க வேண்டும். உங்கள் ஸ்டட்டுக்கு அது முழுதாக எட்டுச் சுற்று. தனி ஸ்டட்டோடு ஹப்பில் பூட்டும் வகையில் வேறு தலைவலி: ஒரு இணைப்பு இரண்டாகிவிடும், உள்ளே இருக்கும் நட்டுகளைச் சக்கரத்தைக் கழற்றாமல் சோதிக்க முடியாது. கழற்றி யார் பார்க்கிறார்கள்? இன்னொன்று, பலரும் கவனிக்காதது. ஹப்பின் பழைய ஸ்டட் முனைகள் ஸ்பேசரின் முகத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்து, ரிம்மின் பின்புறத்தில் அவற்றுக்குப் பள்ளம் இல்லையென்றால், ரிம் அந்த முனைகளின் மேல் உட்கார்ந்துவிடும். டார்க் ரெஞ்ச் "கிளிக்" என்று சொல்லும். ரிம்முக்கும் ஸ்பேசருக்கும் இடையே காற்றுதான் இருக்கும்.

இம்பாக்ட் ரெஞ்சை (அடித்தடித்து நட்டைச் சுற்றும் இயந்திர ரெஞ்ச்) கழற்ற மட்டும் பயன்படுத்துங்கள். உங்கள் ஸ்டட் 200 நியூட்டன் மீட்டரை நெருங்கும்போதே நிரந்தரமாக நீளத் தொடங்கும்; நடுத்தர இம்பாக்ட் ரெஞ்ச் அதை ஒரு நொடியில் தாண்டிவிடும். மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவியிருந்தால் 130 அளவிலேயே அந்த எல்லை வந்துவிடும். கையேட்டில் உள்ள எண் பெரும்பாலும் உலர்ந்த மரைக்கானது. நீண்டுபோன ஸ்டட்டைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: புதிய நட்டை விரலால் ஓட்டுங்கள். பாதியில் சிக்கினால் அந்த ஸ்டட்டின் கதை முடிந்தது. புதிய ஸ்டட்டை ஹப்பில் ஏற்றும்போதும் உங்கள் நல்ல நட்டைப் போட்டு இம்பாக்ட்டால் இழுக்காதீர்கள். பிரஸ்ஸில் வைத்து, தலை முழுவதும் உட்காரும் வரை அழுத்துங்கள். பாதி உட்கார்ந்த தலை பிறகு ஓட்டத்தில் உள்ளே போகும், நட்டு தளரும்.

டார்க் ரெஞ்ச் என்றதும் ஒரு எரிச்சல். கேள்விக்குச் சம்பந்தமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். கூட்டமாகப் பயணம் போகும்போது பல லட்சம் செலவழித்து வண்டியை மாற்றியமைத்தவர்கள், கூரையில் விளக்குப் பட்டை, பக்கத்தில் கோடாரி என்று அலங்கரித்தவர்கள், ஒரு டார்க் ரெஞ்ச் வைத்திருக்க மாட்டார்கள். என்னிடம் கடன் வாங்குவார்கள். வாங்கி, துருப்பிடித்த நட்டைக் கழற்ற அதையே நெம்புகோலாக்கி மேலே ஏறி நிற்பார்கள். திரும்பி வரும்போது சேறு அப்பியிருக்கும், அளவு உச்சத்தில் இருக்கும், ஸ்பிரிங் அப்படியே அழுந்திக் கிடக்கும். ஒருவர் இன்னும் திருப்பித் தரவேயில்லை. பார்க்கும்போதெல்லாம் "அண்ணே, அடுத்த வாரம்" என்பார். இப்போது கேட்டால் இல்லை என்று சொல்லப் பழகிவிட்டேன்.

இத்தனையும் சரிசெய்த பிறகும் கடுமையான பாறை ஓட்டம்தான் உங்கள் வழக்கம் என்றால், 14 மில்லிமீட்டர் ஸ்டட்டுக்கு மாறுவதில் அர்த்தம் உண்டு. ஸ்டட்டின் குறுக்குப் பரப்பு 88 சதுர மில்லிமீட்டரிலிருந்து 125 ஆகிறது. 180 நியூட்டன் மீட்டர் அளவுக்கு இறுக்க முடியும், இறுக்கு விசை நாற்பது சதவீதம் கூடும். பெரிய ஸ்டட் உதவுவது இந்த வழியில்தான். ஆனால் ஹப்பையும் ரிம்மையும் துல்லியமாகத் துளையிடத் தெரிந்த லேத் பட்டறை வேண்டும். ஹப்பின் விளிம்பில் துளையைப் பெரிதாக்க இடம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கையில் டிரில் பிடித்துச் செய்யும் வேலை இல்லை.

மாட்டிய பிறகு 50 கிலோமீட்டரில் ஒரு முறை, 100 கிலோமீட்டரில் ஒரு முறை, சக்கரம் ஆறிய நிலையில் மறுபடி இறுக்கிப் பாருங்கள். அதன் பிறகும் நட்டு நகர்ந்தால் மறுபடி மறுபடி இறுக்கிக்கொண்டே ஓட்டாதீர்கள், கழற்றுங்கள். நட்டைச் சுற்றிச் செந்நிறத் துருக் கோடு வழிந்திருந்தாலும் அதே கதைதான்.

கடைசியாக, முறிந்த ஸ்டட்டைத் தூக்கி எறியவில்லை என்றால், அதன் முகத்தைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்துக் கேள்வியோடு சேர்த்துப் போடுங்கள். துடைக்க வேண்டாம், எண்ணெய் தடவ வேண்டாம். துரு எந்தப் பக்கம் ஏறியிருக்கிறது என்று பார்த்தால் விரிசல் எங்கே தொடங்கியது என்று சொல்லிவிடலாம்.