முதல் எக்கோ உங்களுக்கு

கேள்வி: அப்பா 51 வயதில் இதயம் வீங்கிக் காலமானார். போன வருஷம் அண்ணனும் 48-ல் அதே மாதிரி போய்விட்டார். எனக்கு 46. பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம். நம் இந்தியர்களில் நூற்றுக்கு நாலு பேருக்கு இதய ஜீனில் கோளாறு என்று படித்ததிலிருந்து தூக்கம் இல்லை. பெண்ணுக்கு ஜீன் டெஸ்ட் எடுத்தால் விஷயம் வெளியே தெரிந்துவிடும் என்று மனைவி பயப்படுகிறாள். தங்கவயலில் இருக்கும் என் அக்கா மகனுக்கே கொடுத்துவிட்டால் குடும்பத்துக்குள்ளேயே இருந்துவிடும் இல்லையா? கருவிலேயே ஜீனைத் திருத்துகிறார்களாமே, பேரப்பிள்ளைக்கு அது கிடைக்குமா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: உங்கள் கடிதத்தில் பெண் இருக்கிறாள், அக்கா மகன் இருக்கிறார், இன்னும் பிறக்காத பேரன்கூட இருக்கிறான். அப்பாவும் அண்ணனும் போன வயதை நெருங்கிவிட்ட உங்கள் நெஞ்சைப் பற்றி ஒரு வரி இல்லை. கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் பரிசோதனை உங்களுக்கு. அதுவும் ஈசிஜி, எக்கோ (இதயத்தை ஒலி அலையால் படம்பிடிக்கும் ஸ்கேன்) இரண்டும். ஜீன் டெஸ்ட் பிறகு.

நீங்கள் படித்தது உண்மை. 2009-ல் 'நேச்சர் ஜெனடிக்ஸ்' இதழில் வந்த ஆய்வு அது. ஹைதராபாத் சிசிஎம்பி என்ற உயிரியல் ஆய்வு நிறுவனத்தின் தங்கராஜ் வழிநடத்தினார். கட்டுரையில் முதல் பெயர் பெருந்துறை எஸ். தண்டபாணி. பிற்பாடு அவர் நம் பெல்லாரி ரோட்டில், ஜிகேவிகே வளாகத்தில் இருக்கும் இன்ஸ்டெம் ஆய்வு நிறுவனத்தில் இதயநோய் ஆய்வுக்கூடம் நடத்தினார். எம்ஒய்பிபிசி3 என்ற ஜீனில் 25 டிஎன்ஏ எழுத்துகள் விடுபட்டிருப்பதைக் கண்டார்கள். இதயத் தசை இழுத்து விடும்போது அந்த இழுப்பை அளவோடு வைத்திருக்கும் ஒரு புரதத்துக்கான ஜீன் அது. எழுத்து விடுபட்டால் புரதத்தின் வால்பகுதி மாறிப்போகிறது, தசைநாரில் உட்கார வேண்டிய இடத்தில் சரியாக உட்காருவதில்லை. இளமையில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. நடு வயது தாண்டும்போது தசை தடித்தோ தளர்ந்து விரிந்தோ போகலாம். நம் வீடுகளில் எல்லாவற்றையும் 'ஹார்ட் அட்டாக்' என்றே சொல்லிவிடுகிறோம். இது ரத்தக்குழாய் அடைப்பு இல்லை, தசையின் நோய்.

ஆனால் அந்த நாலு பேரும் நோயாளிகள் ஆகிவிடுவதில்லை. குறையைச் சுமந்தபடியே நன்றாக வயதானவர்கள் நிறைய. உங்கள் வீட்டில் ஓடுவது இதுதானா, வேறொரு ஜீனா என்பதும் இப்போது யாருக்கும் தெரியாது. அதனால்தான் பெண்ணிலிருந்து தொடங்காதீர்கள் என்கிறேன். நோய் வந்தவரிடம் என்ன மாற்றம் இருந்தது என்று தெரியாமல் அவளுக்கு மட்டும் டெஸ்ட் எடுத்து 'ஒன்றும் இல்லை' என்று வந்தால், அந்தத் தாளை நம்பி நிம்மதியாக இருந்துவிடுவீர்கள். அந்த நிம்மதிக்கு ஆதாரம் இல்லை. அண்ணியிடம் கேட்டு அண்ணனின் பழைய ஃபைலைத் தேடி எடுங்கள். எக்கோ ரிப்போர்ட்டில் 'டைலேட்டட்' (தளர்ந்து விரிந்தது) என்றிருக்கிறதா, 'ஹைப்பர்ட்ரோபிக்' (தசை தடித்தது) என்றிருக்கிறதா பாருங்கள். இதய மருத்துவரிடம் அதைக் கொண்டுபோங்கள். ஜீன் டெஸ்ட் யாருக்கு, எப்போது என்பதை அவரும் மரபியல் ஆலோசகரும் சொல்வார்கள். அண்ணனுக்குப் பிள்ளைகள் இருந்தால் உங்களுக்குச் சொன்ன அதே எக்கோ அவர்களுக்கும் வேண்டும், இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அக்கா மகன் யோசனையை இன்றைக்கே விட்டுவிடுங்கள். அப்பாவிடம் ஒரு குறை இருந்திருந்தால் அது உங்களுக்கு வந்திருக்கப் பாதி வாய்ப்பு, அக்காவுக்கும் அதே பாதி. பெண் பிள்ளைக்கு இறங்காது என்று கணக்கே கிடையாது. உங்கள் மகளும் அவர் மகனும் அதையே சுமந்திருந்தால், குழந்தைக்கு இரண்டு பக்கமும் அதே குறை சேரலாம். அப்படிச் சேர்ந்தால் நோய் சின்ன வயதிலேயே, கடுமையாக வர இடமிருக்கிறது. வீட்டோடு மறைக்கப் பார்க்கிற விஷயம் பேரன் உடம்பில் வந்து நிற்கும்.

மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லுங்கள். இந்த 25 எழுத்துக் குறை பல்லாயிரம் வருஷம் பழையது, நாம் இன்று சொல்லும் சாதிகளுக்கெல்லாம் முந்தியது. அவர்கள் வீட்டிலும் இருக்கலாம். கேட்டதும் எழுந்து போகிறவர்கள் போகட்டும். என் மகளாக இருந்தாலும் அந்த வீட்டுக்கு அனுப்பமாட்டேன்.

கருவில் திருத்துவது பற்றி: 2017-ல் அமெரிக்காவின் ஓரிகானில் இதே எம்ஒய்பிபிசி3-இல் வேறொரு பிழையை மனிதக் கருவில் திருத்தியதாக அறிவித்தார்கள். அந்தக் கருக்கள் எந்தத் தாயின் வயிற்றிலும் வைக்கப்படவில்லை. திருத்தம் நடந்த விதம் பற்றி மற்ற விஞ்ஞானிகள் கேள்வியும் எழுப்பினார்கள். அதை நம்பிக் கல்யாணம் முடிவு செய்யாதீர்கள். கையில் இருப்பதைச் சொல்கிறேன். தசை தடித்து ரத்தம் வெளியேறும் வழியை அடைக்கிற வகைக்கு மவகாம்டென் என்ற மாத்திரைக்கு 2022-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. இதயம் தளர்ந்து போகிற வகைக்கும் வருஷக்கணக்கில் தாங்கிப் பிடிக்கும் மருந்துகள் உண்டு. சீக்கிரம் கண்டுபிடித்தால்தான் இவை முழுதாகப் பயன்படும்.

இந்த வாரமே எக்கோவுக்கு நாள் வாங்குங்கள். தங்கவயலுக்குப் போன் போட்டு அக்காவையும் வரச் சொல்லுங்கள். ரிப்போர்ட் வந்ததும் எழுதுங்கள், பெயர் போடாமலே பதில் தருகிறேன்.